பெட்டி பூட்டப் போகும் மருமகனுக்கு

உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே வந்து, கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் பூட்ட வேண்டும் மாமா என்றாய். அம்மா சீட்டுக் காசை எடுத்துத் தருவதாகவும் சொன்னாய். உன் அம்மா என் தங்கச்சி. அந்தக் காசு எந்த மலையில், எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்தில் சேர்ந்ததென்று எனக்குத் தெரியும். ஹட்டன் டவுனில் முப்பது வருஷம் கம்ப்யூட்டர் திருத்தியிருக்கிறேன். எந்தச் சாமான் நல்லதென்று கடைக்காரரே உனக்குச் சொல்லிவிடுவார். நான் பிழைவிட்ட இடங்களை நான்தான் சொல்ல வேண்டும்.

1. வேரை முதலில் வாங்கு. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்? நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியின் மேலெல்லாம் வெட்டிவிடுவார்கள். மொட்டைக் கட்டையாக நிற்கும். வேரில் சத்திருந்தால் மறுபடி துளிர்க்கும். வேர் நலிந்த செடி அந்த வெட்டோடு போய்விடும். உன் பெட்டிக்கு வேர் என்பது பவர் சப்ளை, மதர்போர்ட், கேசிங் மூன்றும்தான். ராமும் கிராபிக்ஸ் கார்டும் கொழுந்து. காலத்துக்குக் காலம் மாறும். கூட்டாளிகளுக்குக் காட்ட ஆசைப்படுவது கார்டைத்தான், எனக்கும் அந்த வயது இருந்தது. ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத சாமானுக்கு நல்ல காசு கொடுக்க மனம் வர வேண்டும். அந்த மனம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

2. பவர் சப்ளையில் காசு மிச்சம் பிடிக்காதே. பிடித்தால் அதை மறைக்காதே. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் மகனுக்கென்று ஒரு பெட்டி பூட்டச் சொன்னார். கேசிங்கோடு சேர்ந்து வரும் மலிவு பவர் சப்ளையைப் போட்டுக் கொடுத்தேன். மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. கையில் தூக்கினால் வெறும் தகரம்போல இருந்தது. எட்டு மாதத்தில் அது வெடித்து மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த அக்கா வந்து கேட்டபோது, மின்னல் அடித்திருக்கும் என்றேன். அன்று வானம் வெளுத்துக் கிடந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து அவர்களின் லயத்துக்குப் போய் உண்மையைச் சொல்லி, ஒரு போர்டையும் கொடுத்தேன். இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார். "அப்பவே தெரியும் தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நடுத்தரக் கார்டுக்கு 650 வாட் நல்ல பவர் சப்ளை போதும். பிறகு ஒரு படி மேலே போகவும் இடம் இருக்கும். '80 பிளஸ்' முத்திரையைப் பார், ஆனால் அதோடு நின்றுவிடாதே. எவ்வளவு கரண்ட் வீணாகாமல் போகிறதென்றுதான் அது சொல்லும். உள்ளே போட்ட சாமானின் தரத்தைச் சொல்லாது. எத்தனை வருஷம் வாரண்டி என்று கேள். நாளை லயத்துப் பிள்ளைகள் உன்னிடமும் பூட்டித் தரச் சொல்வார்கள். அன்றைக்கு இந்த அக்காவை நினைத்துக்கொள்.

3. துளையை எண்ணாதே, பெயரைப் படி. ஒருமுறை இன்டெல் 8ஆம் தலைமுறை ப்ராசஸர் ஒன்றை வாங்கி, 7ஆம் தலைமுறைக்கான போர்டில் வைத்தேன். இரண்டும் 1151 சாக்கெட்தான், அழகாக உட்கார்ந்தது. ஆனால் உயிர் வரவில்லை. எண் ஒன்றானாலும் இரண்டும் சேராது. எந்தப் போர்டுக்கென்று ப்ராசஸர் வந்த அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அவசரத்தில் படிக்காமல் விட்டது நான்தான். மறுபக்கம் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டைப் பார்: 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் பூட்ட முடிந்தது. இப்போதுள்ள ஏஎம்5க்கும் 2027ஐத் தாண்டி ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் டிடிஆர்5 ராம் மட்டுமே போகும். பழைய டிடிஆர்4 அந்தத் துளையில் ஏறாது, அழுத்தாதே. பழைய ப்ராசஸர் வாங்குவதானால் விண்டோஸ் 11 ஏற்கிறதா என்றும் பார்த்துக்கொள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

4. நாளையை நம்பி இன்றைக் குருடாக்காதே. 2021 கடைசியில் இரண்டு பையன்களுக்குப் பெட்டி பூட்டினேன். "கார்டை அடுத்த வருஷம் வாங்கலாம், இப்போதைக்கு என் பழைய கார்டை இரவல் வைத்துக்கொள்" என்றேன். சொந்தமாகப் படம் காட்டாத ப்ராசஸரையே போட்டேன். விலை கொஞ்சம் குறைவு. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 வரை ஏறியது. என் இரவல் கார்டுகள் இரண்டும் அந்த வருஷமே செத்தன. புதுக் கார்டு வாங்க எந்த வீட்டிலும் காசில்லை. இரண்டு நல்ல பெட்டிகள் திரையில் ஒன்றும் தெரியாமல் காம்பரா மூலையில் துணி போர்த்திக் கிடந்தன. அதனால் சொல்கிறேன், படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கும் ப்ராசஸராக எடு. இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அது இராது. நீ நினைத்த நாளில் கார்டு வராமல் போனாலும் சின்ன கேம் ஓடும். வேலைக்கு விண்ணப்பமும் எழுதலாம்.

5. கரண்டுக்குப் பயப்படு. நம் மலைத் தண்ணீரில்தான் 1950இலிருந்து லக்சபானவில் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனாலும் லயத்துப் பழைய வயரிங்கை நம்பாதே. கேசிங்கைத் தொட்டால் கை சுள்ளென்றால் எர்த் சரியில்லை; எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, எர்த் பின்னை மட்டும் முறித்துவிடாதே. ஏப்ரலிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கினால் பிளக்கைக் கழற்று. இன்டர்நெட் வயரையும் கழற்று. ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன்; மின்னல் ரவுட்டர் வழியாக வந்து போர்டைச் சுட்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஒருவருடைய போர்டுக்குப் பயோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் வெட்டினார்கள். போர்டு எழும்பவேயில்லை. பயோஸ் வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடாதே. 650 விஏ என்றால் 650 வாட் இல்லை. பொதுவாக அதில் 60 வீதத்தைச் சுற்றித்தான் வரும். விளையாட அல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கத்தான் அது.

6. உன் மட்டத்தைப் பார்த்துக் கார்டு எடு. அம்மா செடியின்மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே எழுந்ததைத்தானே கிள்ளுகிறாள்? உன் மட்டக்கம்பு உன் திரை. 60 ஹெர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 படம்தான் காட்டும். 200 படம் தள்ளும் கார்டு அங்கே வீண். ஆனால் ஒன்று: ராமைப் பிறகு சேர்க்கலாம், கார்டின் மெமரியைச் சேர்க்கவே முடியாது. அதனால் கார்டில் மெமரி கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ராமை இரட்டையாகப் போடு. ஒற்றைத் தட்டைவிட ஒரே மாதிரி இரண்டு நன்றாக ஓடும்.

7. பாவித்த சாமான் வாங்க வெட்கப்படாதே. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கார்டு வைத்துத் தோண்டும் வேலை நின்றுபோனது. உலகமெங்கும் பழைய கார்டுகள் மலிந்தன. அப்போது வாங்கிய ஒன்று என்னிடம் இன்னும் ஓடுகிறது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனாலும், ஆளிடம் நேராக வாங்கினாலும், அரை மணி நேரம் பாரமான கேம் ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல். திரையில் புள்ளி, கோடு வருகிறதா பார், விசிறியைக் காதால் கேள். ஓட்டிக் காட்ட மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வா. பவர் சப்ளையை மட்டும் பாவித்ததாக வாங்காதே.

8. குளிர் நமக்குச் சும்மா கிடைக்கிறது. தண்ணீர் ஓடும் கூலருக்குக் காசு கொட்டாதே. ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காதே, சுவரோடு ஒட்டாதே.

9. பூட்டிய பெட்டியைப் பஸ்ஸில் கொண்டு வராதே. கினிகத்தேனை வளைவுகளில் பாரமான கார்டு ஆடி ஆடிப் போர்டின் துளையையே உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாமான்களைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டு வா, கார்டை மடியில் வைத்துக்கொள். அன்று இரவே பூட்ட உட்காராதே. நித்திரைக் கண்ணில் நான் வளைத்த பின்கள் எத்தனையோ.

10. கார்டு மாற்றும் நாளில் பழையதை அலுமாரியில் பூட்டி வைக்காதே. பணிய லயத்தில் யாராவது ஒரு பிள்ளை படம் வராத பெட்டியோடு இருக்கும். எனக்கு முதல் கம்ப்யூட்டர் கிடைத்தது அப்படித்தான். கொடுத்தவர் காசு கேட்கவில்லை, திருத்தப் பழகு என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. பெரட்டு இல்லாத நாள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பெட்டி முதலில் எழும்பும்போது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.