நான்காம் கம்பி ஏன் ஊமையானது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் லாப் ஸ்டீல் கிட்டாரில் மற்ற ஐந்து கம்பிகளும் நன்றாகப் பேசும்போது நான்காவது மட்டும் ‘டொக்’கென்று அடங்கிவிடுகிறது, பிக்கப்பைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் கழற்றாதே. இந்தக் கோளாறில் பாதி வேலை காதுக்குத்தான். திருப்புளிக்கு வேலை கடைசியில் வரும், வராமலும் போகலாம்.

வேறு வாத்தியமாக இருந்தால் ஒரு கம்பி மங்கினாலும் சமாளித்துவிடலாம். இதில் முடியாது. ஹவாயின் ஓஹூ தீவில், லாயே ஊரில் பிறந்த ஜோசப் கெக்கூக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பிகள்மேல் இரும்புத் துண்டை, அதாவது பாரை, வைத்து இழுத்து வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்த நாளிலிருந்து, இதன் உயிர் கார்வையில்தான் இருக்கிறது. 1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டாரைக் கேள். ஒரு முறை மீட்டிவிட்டு, அந்த ஒரே நாதத்தின்மேல் பல ஸ்வரங்களுக்கு நகர்ந்து போவார். நம் சித்திரவீணையிலும் இதே கதைதான். கார்வை பாதியில் செத்தால் கமகமும் அங்கேயே அறுந்துவிடும்.

சரி, எங்கே சாகிறது? கம்பி இரண்டு முனைகளுக்கு நடுவில் அதிர்கிறது. இருவர் கயிற்றைப் பிடித்து ஆட்டும்போது ஒருவர் கை தளர்ந்தால் அலை அந்தப் பக்கமே கரைந்துபோகும் அல்லவா, அதுபோல எந்த முனை உறுதியாக இல்லையோ அங்கே அதிர்வு கசிந்துவிடும். பார் வைக்காமல் வெறுமனே மீட்டும்போது பிரிட்ஜும் நட்டும் இரண்டு முனைகள். பாரை வைத்துவிட்டால் நட்டின் இடத்தை பார் எடுத்துக்கொள்கிறது. உனக்கு வேண்டிய சோதனை இதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கம்பியை வெறுமனே மீட்டு. பிறகு பன்னிரண்டாம் கோட்டின்மேல் பாரை வைத்து மீட்டு. வெறும் கம்பி மங்கலாகவும், பார் வைத்ததும் தெளிவாகவும் கேட்டால் குற்றம் நட்டில். வெறும் கம்பி தெளிவாக இருந்து பார் வைத்ததும் செத்தால் பாரையோ உன் கையையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் ஊமை என்றால் கம்பி, பிரிட்ஜ், பிக்கப் மூன்றில் ஒன்று. இப்போது ஆம்பை அணைத்துவிட்டு, கிட்டாரின் மரத்தில் காதை ஒட்டி வைத்து இன்னொரு முறை மீட்டு. மரத்தில் நன்றாகக் கேட்டு ஆம்பில் மட்டும் மங்கினால், சந்தேகம் பிக்கப் பக்கம் திரும்புகிறது.

பிக்கப் பக்கம் என்றவுடன் பிக்கப்பையே குறை சொல்லிவிடாதே. கடையில் உனக்கு அக்கூஸ்டிக் கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுக் கம்பி கொடுத்திருக்கலாம். பிக்கப் காந்தத்தால் கேட்பது. வெண்கலம் காந்தத்துக்கு வசப்படாது. உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டுமே அதற்குத் தெரியும் என்பதால், சுற்றில்லாத மெல்லிய கம்பிகள் உரக்கப் பேச, சுற்றுக் கம்பிகள் முனகும். நிக்கல் சுற்றுக் கம்பி வாங்கினால் தீர்ந்தது. அடுத்தது தடிமன். ஸி6 சுருதி வைக்கிறாய் என்றால் அதற்கென்றே விற்கும் செட் வேண்டும். சாதாரண கிட்டார் செட்டின் தடித்த கம்பிகள் அந்தச் சுருதிவரை ஏறாது. தன் அளவைவிடக் கீழே இறக்கிக் கட்டிய கம்பியோ தளர்ந்து சோம்பிக் கிடக்கும்.

புதுக் கம்பியும் ஊமையாக இருக்கலாம், நம்பு. சுற்றுக் கம்பியை டியூனிங் கீயில் கட்டும்போது, வெட்டும் இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் மேல்சுற்று நழுவித் தளர்ந்துவிடும். தளர்ந்த சுற்று அதிர்வைத் தின்றுவிடும். கட்டும்போது கம்பி முறுக்கிக்கொண்டாலும் இதே கெடுதல்தான். அடுத்து பிரிட்ஜைப் பார். குண்டு முனைக்குப் பக்கத்தில் கம்பி தன்னைத்தானே சுற்றிக்கொண்ட முடிச்சு பிரிட்ஜின் விளிம்புமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா? அந்த முனை ஒருநாளும் உறுதியாக நிற்காது. விளிம்பின்மேல் கம்பி வளைந்து எழும்பி நின்றால், அதை ஒட்டிக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கு. பிறகு சுருதியைச் சரிசெய்துவிட்டுக் கேள். பல சமயம் இதுவே போதும்.

நட்டைச் சோதிக்க உன் பாரே நல்ல கருவி. நட்டுக்குப் பக்கத்தில் எல்லாக் கம்பிகள்மேலும் பாரை அமுக்காமல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். பார் நேர்க்கோடு. ஆகவே கம்பிகளின் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நான்காம் கம்பிக்கும் பாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டுப் பக்கம் பார் வைக்கும்போது கம்பி மங்கி, மேலே போகப் போகத் தெளிந்தாலும் காரணம் இதுவே. சாதாரண கிட்டாரை மாற்றி ஸ்டீல் ஆக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் அதன் நட் வளைவாக இருக்கும். கம்பி நட்டைத் தாண்டிச் சரிந்து இறங்காமல் மட்டமாகப் போனாலும் பிடிமானம் போய்விடும். டியூனிங் கீயில் இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி இறங்கியிருக்கட்டும்.

பாரில் சந்தேகமா? உருண்டைப் பார் என்றால் கையிலேயே சற்று உருட்டி வைத்து மீட்டு. ஊமை மறைந்தால் பாரில் ஓரிடத்தில் வடு இருக்கிறது. பாருக்குப் பின்னால் கம்பிமேல் கிடந்து இரைச்சலை அடக்கும் விரல்கள் உனக்குத் தேவை. அவை முன்பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் சரி.

ஒரே ஒரு கோட்டில் மட்டும் நாதம் செத்தால், எல்லாக் கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கிப் பார். ஊமை இடம் ஒரு கோடு மேலே நகர்ந்தால் அந்தச் சுருதியை கிட்டாரின் உடலே உறிஞ்சுகிறது. அதற்கு மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கெட்டியான லாப் ஸ்டீலில் இது அபூர்வம்.

கடற்கரை ஊரில் இருக்கிறாய். உப்புக் காற்றும் வியர்வையும் சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் இறங்கித் துருவாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியோடு துடைத்து வை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமல் போகும். வெறுமனே மீட்டியபோது, பார் வைத்தபோது, மரத்தில் காது வைத்தபோது என்ன கேட்டது என்று மூன்றையும் எனக்கு எழுது. அதற்குப் பிறகு கம்பி வாங்கலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்