மூட்டை கட்டும்போது மாத்திரை டப்பா எங்கே?

டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189-க்குத்தான் மாற்று வீடு. அதுவும் தூரத்து நரேலாவில். இப்படிக் கலைக்கப்படும் எந்தக் குடியிருப்பிலும் தினசரி மாத்திரைக்காரர்கள் இருப்பார்கள்: சர்க்கரைக்கு, பிரஷருக்கு, சிலர் எச்.ஐ.வி.க்கு. கடைசியில் சொன்னதைச் சுற்றித்தான் கதைகள் அதிகம்.

நம்பிக்கை: என்ன மருந்து சாப்பிட்டாலும் உடலுறவில் துணைக்குத் தொற்றத்தான் செய்யும்.

இந்தப் பயம் மருந்தைவிட மூத்தது. நாட்டின் முதல் தொற்றுகளைச் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது 1986-இல். அரசின் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து வந்தது 2004-இல். நடுவே 18 வருடம் பயம் மட்டும்தான் வீடு வீடாகப் போனது.

உண்மை: ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளை 9 நாடுகளில் கவனித்தது எச்.பி.டி.என். 052 ஆய்வு. சென்னையும் புனேயும் அதில் உண்டு. மருந்து தொடங்கிய பிறகும் 8 பேருக்குத் துணையிடமிருந்து பரவியது. ஆனால் எப்போது? 4 பேருக்கு, ரத்தத்தில் வைரஸ் அடங்குவதற்கு முந்தைய ஆரம்ப நாட்களில். மற்ற 4 பேருக்கு, சிகிச்சை பலிக்காமல் போன சமயத்தில். வைரஸ் நிலையாக அடங்கியிருந்தபோது ஒருவருக்கும் இல்லை. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு 2016-இல் சொன்னதும் இதுவே: ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகள், துணையிடமிருந்து வந்த தொற்று பூஜ்யம்.

நம்பிக்கை: மாத்திரை ஆரம்பித்தாயிற்று, உடம்பும் தேறிவிட்டது, இனி என்ன?

உண்மை: வைரஸ் அடங்கிவிட்டதா என்பது கண்ணாடி பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. சிடி4 பரிசோதனை காட்டுவது எதிர்ப்புசக்தியின் கணக்கு. வைரஸின் கணக்கு வைரல் லோடு பரிசோதனையில்தான் தெரியும். அடங்க ஆறு மாதம்கூட ஆகலாம். அதுவரை ஆணுறை வேண்டும். மேகப்புண், வெட்டை போன்றவற்றை இந்த மாத்திரை தடுக்காது என்பதால் அதற்குப் பிறகும் ஆணுறைக்கு வேலை உண்டு. உடலுறவுக்குச் சொன்ன அந்தப் பூஜ்யத்தைத் தாய்ப்பாலுக்கும் ஊசிக்கும் நீட்டவும் கூடாது.

நம்பிக்கை: வீடு மாறுகிற நேரம், ரெண்டு மூணு வாரம் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது.

உண்மை: சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பப் பெருகும். உடம்பு காட்டிக்கொடுக்காது. கிளம்பும் முன், எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் சொன்னால் புது இடத்துக்குப் பக்கத்திலுள்ள சென்டருக்கு மாற்றித் தருவார்கள். மருந்து அங்கும் இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்யலாம். சிகிச்சைப் புத்தகமும் மாத்திரை டப்பாவும் மட்டும் சாமான்களோடு வண்டியில் ஏற வேண்டாம்; கைப்பையில் இருக்கட்டும்.