ஹியூமஸ் என்பது யாது?

நமது வட்டாரக் கூட்டமொன்றில் 'ஹியூமஸ்' பற்றிப் பேசினோம். முதிய விவசாயி ஒருவர் எழுந்து, "அந்தச் சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும், ஐயா?" என்று வினவினார். சொல்லின் பொருளை விளக்காதது நமது குறையேயாகும்.

லத்தீன் மொழியில் 'ஹூமுஸ்' என்றால் மண், நிலம் என்பது பொருள். மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்னும் சொல்லும் இதற்கு உறவுடையதென்பர் மொழிநூலார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகள் இச்சொல்லை ஏற்றுப் பொருளைச் சுருக்கிக்கொண்டன. இலை, வேர், சாணம் முதலியன நுண்ணுயிர்களால் சிதைந்தபின் மண்ணில் எஞ்சும் கரிய பொருளையே அவை இப்பெயரால் அழைக்கின்றன. தமிழில் இது 'மட்கு'. மட்குதல் என்னும் வினையிற் பிறந்த பெயர். லத்தீன் சொல் இருப்பிடத்தையும், தமிழ்ச் சொல் உண்டாகும் விதத்தையும் உணர்த்துகின்றன.

பயிரின் உணவு மட்கே என்று ஜெர்மானிய அறிஞர் தேயர் கருதினார். 1840-ல் லீபிக் அதனை மறுத்து, தாதுச் சத்துக்களே உணவு என்றார். எனினும் மட்கின் பெருமை குறையவில்லை. அது நீரைப் பிடித்து வைக்கிறது, சத்துக்கள் கரைந்தோடாமல் காக்கிறது, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது.

ஆகவே, சருகையும் அரிதாளையும் கொளுத்துவோர் மண்ணின் வளத்தையே கொளுத்துகின்றனர். பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஊர்க் குப்பைக்குக் கம்போஸ்ட் குழிகள் வெட்டச் செய்வாராக. அப்பெரியவர் கேட்ட சரக்கு அக்குழியிலேயே விளையும்.