வேற்று நாட்டுப் பூச்சியும் அதன் எதிரியும்

1989-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மேயருக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. மத்தியதரைக்கடல் பழ ஈக்களைத் தாங்களே வளர்த்துப் பரப்புவதாக ஒரு கூட்டம் அதில் எழுதியிருந்தது. ஊரின் மேல் ஹெலிகாப்டரில் மாலத்தியான் தெளிப்பதை நிறுத்த வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. எழுதியவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. பிறகு மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிடும் முறைக்கு அங்கு மாறினார்கள்.

பூச்சியை ஆயுதமாக்க முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம். ஆனால் புதிய பூச்சி வர எதிரி யாரும் தேவையில்லை. காய், கன்று, விதைக்கரணை ஆகியவற்றில் ஒட்டி வந்தாலே போதும்.

கோவையில் கண்டது

2008-ஆம் ஆண்டு கோவையில் பப்பாளி மரங்களில் வெண்மையான மாவு படிந்தது. வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் அறிஞர் ரங்கசாமி முனியப்பன் அதைப் பப்பாளி மாவுப்பூச்சி என்று இனம் கண்டார். இதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. இங்கே இதற்கு இயற்கை எதிரி இல்லாததால் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி என்று பரவியது. பட்டுப்புழு வளர்ப்போர் பாடு திண்டாட்டமாயிற்று. மருந்து தெளித்தால் அந்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது. தெளிக்காவிட்டால் இலையே கிடைக்காது. மெழுகுப் பூச்சு உடலை மூடியிருப்பதால் மருந்தும் சரியாக ஏறுவதில்லை.

எதிரியை வரவழைத்தல்

2010-ஆம் ஆண்டு பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தனிமைக் கூடத்தில் சோதித்த பின்பே அவை வயலில் விடப்பட்டன. அவற்றில் 'அசரோஃபேகஸ் பப்பாயே' சிறப்பாக வேலை செய்தது. கடுகைவிடச் சிறிய இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பெருக்கி உழவர்களுக்கு வழங்கியது. பூச்சியின் கொட்டம் அடங்கியது.

2020-இல் கேரளத்தில் தோன்றித் தமிழகத்திலும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இதே வழிதான். அதற்கான குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது.

நிலக்கோட்டை உழவர்கள் கவனிக்க வேண்டியவை

* வெளியூர்க் கன்றுகளையும் மல்பெரிக் குச்சிகளையும் இலையின் அடிப்புறம், கணுக்கள் வரை பார்த்த பின்பே வாங்க வேண்டும்.

* ஆரம்பத்திலேயே தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி எரித்துவிட வேண்டும். வாய்க்காலிலோ சாலையோரத்திலோ வீசக்கூடாது.

* வரப்பிலுள்ள பார்த்தீனியம், துத்திச் செடிகளை அகற்ற வேண்டும். பயிர் இல்லாத காலத்தில் பூச்சி அவற்றில்தான் தங்கும்.

* எறும்புப் புற்றுகளைக் கவனிக்கவும். மாவுப்பூச்சியின் தேன் கழிவுக்காக எறும்புகள் அதைக் காத்து நிற்கும்.

* மாவுப்பூச்சிகள் உப்பிக் காய்ந்து, சிறு துளையுடன் கூடாக இருந்தால் குளவி வந்துவிட்டது என்று அறியலாம். அந்நிலையில் பூச்சிமருந்து தெளித்தால் குளவி முதலில் சாகும். மாவுப்பூச்சி மீண்டும் பெருகும்.

இதுவரை காணாத பூச்சி தென்பட்டால், மருந்துக் கடைக்குப் போகுமுன் தாக்கப்பட்ட இலையைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, வட்டார தோட்டக்கலை அலுவலரிடமோ காந்திகிராம வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுவது நல்லது. பூச்சியின் பெயர் தெரிந்தால்தான் அதன் எதிரியைத் தேட முடியும்.