கட்டில் ஊருக்குள், துணி ஊருக்கு வெளியே

கல்லிடைக்குறிச்சியிலோ அம்பையிலோ பூர்வீக வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிறார்கள். தேக்குக் கட்டில், இரும்பு பீரோ, பரண் நிறையப் பாத்திரம், பெட்டி பெட்டியாக வேட்டி சேலை. பிள்ளைகளின் சென்னை ஃபிளாட்டுக்குள் அந்தக் கட்டில் நுழையாது. விற்க மனமில்லை, யாருக்காவது உதவட்டும் என்றால் வழிகள் உண்டு. எல்லா வழியும் எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது.

முதலில், எங்கே போடக்கூடாது என்பது. இறந்தவர் உடுத்திய துணியைப் பாபநாசம் படித்துறையில் ஆற்றோடு விடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. அது எங்கும் போவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

நாலைந்து சட்டை, ஒரு பள்ளிப் பை என்றால் சுவர் போதும். ஈரானின் மஷாத் நகரில் 2015-இல் தொடங்கிய யோசனை அது: வேண்டாததை மாட்டிவிட்டுப் போ, வேண்டியதை எடுத்துக்கொள். 2017-இல் சந்தீப் நந்தூரி ஆட்சியராக இருந்தபோது நெல்லைக்கு ‘அன்புச் சுவர்’ என்று வந்தது. கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பெருமை. பொறுப்பாக ஆள் இல்லாவிட்டால் கிழிசலும் குப்பையும் சேர்ந்துவிடும் என்பது அதன் பலவீனம். மூட்டையாக இருந்தால் அங்கே கொண்டு போகாதீர்கள்.

மூட்டைக்கு என் தேர்வு ‘கூஞ்ச்’. அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கியது, சென்னையிலும் இயங்குகிறது. துணியை இனாமாக அள்ளி வீசுவதில்லை. கிராமத்தார் சேர்ந்து குளம் தூர்வாரினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி தருகிறார்கள். உடுத்த முடியாத பருத்தித் துணி மாதவிடாய் நாப்கினாகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரச் சாலைகளில் யாரும் தொடாமல் குவிந்து கிடந்த நிவாரணத் துணியைப் பிரித்தெடுத்ததும் இவர்கள்தான். மீனவப் பெண்கள் புடவை கட்டும் ஊருக்கு வடக்கிலிருந்து ஸ்வெட்டரும் ஜீன்ஸும் வந்தால் என்ன ஆகும்? 2023 டிசம்பர் வெள்ளம் போல இன்னொன்று வந்தால், புதுப் போர்வையும் லுங்கியும் நைட்டியும் கொடுங்கள். பழைய மூட்டை வேண்டாம். கூஞ்சுக்கு அனுப்பினால் பார்சல் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மே மாதம் தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ் நகராட்சிகளில் பழைய பொருள் சேகரிப்பு மையங்கள் தொடங்கினார்கள். புத்தகம், பொம்மை, பிளாஸ்டிக் சாமானுக்கு அது வசதி. உங்கள் நகராட்சியில் மையம் இப்போதும் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கட்டிலும் பீரோவும் ஊரைத் தாண்டக்கூடாது. சென்னைக்கு ஏற்றினால் வாடகை பொருளின் விலையைத் தின்றுவிடும். பக்கத்து முதியோர் இல்லம், மாணவர் விடுதி, நூலகம், அல்லது அந்த வீட்டில் பல வருடம் வேலை பார்த்த அக்காவின் குடும்பம் என்று ஆளைப் பார்த்துக் கொடுங்கள். ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் போன்ற நிறுவனங்களுக்கு முதலில் போன் போட்டு, என்ன தேவை என்று கேளுங்கள். கட்டிலின் நீள அகலத்தையும் சொல்லுங்கள். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போன பிறகு வாசலில் நுழையாவிட்டால் இருதரப்புக்கும் சங்கடம்.

எதைக் கொடுத்தாலும் துவைத்து, பொத்தான் தைத்து, ஆணி முடுக்கிக் கொடுங்கள். பொருளாகக் கொடுப்பதற்கு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது. ரசீதுக்காக அவர்களை அலைக்கழிக்காமல், வண்டி வாடகையையும் ஏற்று இறக்குக் கூலியையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.