அயலரசும் அந்நியப் படையும்

அந்நிய வல்லரசொன்று ஒரு நாட்டிற் படையிறக்குங்கால் அயலரசுகள் யாது செய்கின்றன என்பது, அரசியல் பயில்வோர் ஆராய்தற்குரிய வினாவாகும். அரணையும் நட்பையும் அரசின் உறுப்புகளாக எண்ணினர் நம் முன்னோர். இவ்விரண்டும் தம்முள் முரணும் வேளையிலேதான் ஓர் அரசின் உள்ளக்கிடக்கை வெளிப்படும். அறிக்கைகளினும் தெளிவாக அதனைக் காட்டுவன, அவ்வரசு திறந்துவிடும் துறைமுகமும் விமானத்தளமுமே. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கொழும்புக்கு வடக்கே ஏறத்தாழ இருபது மைலிலுள்ள கட்டுநாயக்காவே போதும்.

1954ஆம் ஆண்டு ஏப்ரலில், வியட்நாமின் தியென் பியென் பூவிலே பிரெஞ்சுப் படை முற்றுகைக்குள்ளாகியிருந்தது. அதற்குத் துணையாகப் பிரெஞ்சு வீரரை ஏற்றிச்செல்ல அமெரிக்காவின் குளோப்மாஸ்டர் விமானங்கள் புறப்பட்டன. அவை தன் வான்வழியே செல்லலாகாதென இந்தியா மறுத்தது. பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் அரசோ, அவை கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்ப இசைந்தது. ஒரே விமானம், ஒரே போர், அயலவர் இருவரின் விடைகளோ வேறு.

அம்மாத இறுதியிலேயே இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாட்டுப் பிரதமர்களும் கொழும்பிற் கூடினர். இந்தோசீனாவில் உடனே போர்நிறுத்தம் வேண்டுமென ஒருமித்துக் கேட்டனர். ஆயின், பொதுவுடைமையைக் கண்டிப்பதா, குடியேற்றவாதத்தைக் கண்டிப்பதா என்பதிற் கருத்து வேறுபட்டனர். அவ்வாண்டு செப்டெம்பரிற் பாகிஸ்தான் மணிலா உடன்படிக்கையிற் சேர்ந்தது. ஏனைய நால்வரும் சேர்ந்திலர்.

1956 நவம்பரில் அந்நால்வரும் புதுடில்லியிற் கூடி, எகிப்தின்மேல் நிகழ்ந்த தாக்குதலைக் கண்டித்தனர். ஹங்கேரியினின்று சோவியத் படை நீங்குதல் வேண்டுமெனவும் கூறினர். இலங்கையின் சொல்லுக்கு வலிமை வந்தது மறு ஆண்டிலேயாம். 1957இற் பண்டாரநாயக்கா அரசு திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா விமானத்தளத்தையும் பிரித்தானியரிடமிருந்து பெற்றுக்கொண்டது. பிறர் தளத்தைத் தன் மண்ணில் வைத்துக்கொண்டு நடுநிலை பேசுதல் அரிதன்றோ!

ஆயினும் சோதனை ஓய்ந்திலது. 1971இல் இந்தியா தன் வான்வழியை அடைத்தபோது, பாகிஸ்தானின் விமானங்கள் கட்டுநாயக்காவில் எரிபொருள் நிரப்பியே கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றன. அவ்வாண்டு ஏப்ரற் கிளர்ச்சியை அடக்க இலங்கை உதவி கோரியபோது, இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே ஹெலிகொப்டர்களை அனுப்பின. இரு அயலவரும் இத்தீவைத் தம்பக்கம் வைத்திருக்க விரும்பினர் என்பது இதனாற் புலனாம்.

1987இல் அயலரசே படையோடு வந்தது. அவ்வாண்டு யூலை 29ஆம் நாட் கொழும்பிற் கைச்சாத்தான உடன்படிக்கையுடன் இணைந்த கடிதங்களிலே, இந்தியாவின் நலனுக்கு ஊறாகத் திருகோணமலையை எந்நாட்டுக்கும் இராணுவப் பயன்பாட்டிற்கு அளிப்பதில்லையென்னும் வாக்குறுதி இடம்பெற்றது. அயலான் திறக்கும் வாயிலைப் பெருநாடு மறப்பதில்லை என்பதற்கு இது சான்று. படை வந்தாற் குடிகள் சுமப்பது யாதென்பதை, 1990 வரை வடகிழக்கு மக்கள் நேரிற் கண்டனர்.

வெள்ளவத்தைக் கரையில் நின்று அடிவானத்துக் கப்பலைக் காணும் மாணவரும், கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்தை நோக்கும் மாணவரும் இதனை உளங்கொள்வாராக. பெருவழியில் வீடமைந்தவன் வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் அவன் விருப்பத்தோடு முடிவதில்லை. அதன் பயன் அவன் மக்களையும் சாரும். ஆதலின், அரசுகளின் அறிக்கையைப் படிக்குந்தோறும், அவை யாருக்கு வழிவிட்டன என்பதையும் உடன் கேட்டறிதல் நம் கடனாகும்.