கிரீன்லாந்தை டென்மார்க் ஏன் விடவில்லை?

கேள்வி: பணத்தையும் கொடுத்து, பழியையும் சுமந்துகொண்டு கிரீன்லாந்தை டென்மார்க் ஏன் விடாமல் வைத்திருக்கிறது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: செலவு உண்மைதான். சுமார் 57,000 பேர் வாழும் அந்தத் தீவின் அரசுச் செலவில் ஏறக்குறைய பாதி, கோபன்ஹேகன் தரும் மானியத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்தத் தீவு இருப்பதால்தான் டென்மார்க்குக்கு ஆர்க்டிக் அரசியலில் நாற்காலி கிடைக்கிறது. 1946-இல் அமெரிக்கா 10 கோடி டாலர் மதிப்புள்ள தங்கம் தர முன்வந்தும் அது விற்கவில்லை. 1951 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி ராணுவத் தளங்களுக்கு இடம் மட்டும் கொடுத்தது.

இழப்பின் நினைவும் உண்டு. 1814-இல் நார்வே, 1864-இல் ஷ்லெஸ்விக்கும் ஹோல்ஸ்டைனும், 1944-இல் ஐஸ்லாந்து என்று கைவிட்டுப் போனவை பல. 1946 வாக்கெடுப்பில், டென்மார்க்கின் கீழிருந்த ஃபாரோ தீவுகள் மிகச் சிறிய வித்தியாசத்தில் பிரிவினைக்கு வாக்களித்தபோது, அரசர் அத்தீவுகளின் சட்டமன்றத்தையே கலைத்தார். 1948-இல் தன்னாட்சி தந்து சமாதானம் செய்தார்கள்.

இன்று கதவு பூட்டியில்லை. 2009 தன்னாட்சிச் சட்டப்படி, பொது வாக்கெடுப்பு நடத்திக் கிரீன்லாந்து மக்கள் பிரிந்து போகலாம். மானியம் நின்றால் மருத்துவமனையும் பள்ளியும் என்னவாகும், தனியே நின்றால் டிரம்பின் அமெரிக்கா விழுங்குமோ என்ற கவலைகளே அவர்களைத் தயங்க வைக்கின்றன.

அதனால் டென்மார்க்கின் கணக்கு தீர்ந்துவிடவில்லை. 1960களிலும் 70களிலும் கிரீன்லாந்தின் ஆயிரக்கணக்கான இனுவிட் பெண்களுக்கு, அவர்களில் பலருக்குச் சம்மதமே கேட்காமல், சிறுமிகளுக்குக்கூட, கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் மன்னிப்புக் கேட்டது 2025-இல்தான். அரை நூற்றாண்டுத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.